கடிதத்தைச் சனிக்கிழமை திறப்பவர்

கனடாவின் நானூற்றொன்று நெடுஞ்சாலையின் வலது ஓர வழியில், மணிக்கு எண்பது கிலோமீற்றருக்கு மேல் போக மறுக்கும் ஒரு மண்ணிற வான் வண்டியை நீங்கள் எப்போதாவது திட்டியிருந்தால், திட்டியது அவரைத்தான். பின்னால் லொறிக்காரன் ஹோர்ன் அடிப்பான். அவர் கண்ணாடியில் பார்த்து, கோயிலில் ஐயர் விபூதி கொடுப்பதுபோல ஒரு கையைத் தூக்கி ஆசீர்வதிப்பார்.

"பாவம், அவனுக்கு என்ன அவசரமோ. நல்லா இருக்கட்டும்."

ரெக்ஸ்டேலில் எங்கள் கட்டடத்தின் ஒன்பதாம் மாடியில் எங்களுக்கு எதிர்க்கதவு அவருடையது. நான் அவரை அங்கிள் என்றும், அவர் மனைவியை அன்ரி என்றும் கூப்பிடுவேன். பெயரை இங்கே எழுதவில்லை. எழுதட்டுமா என்று கேட்டிருந்தால், "யோசிச்சுச் சொல்லுறன் பிள்ளை" என்பார். அந்த யோசனை முடிவதற்குள் எனக்கு நரைத்துவிடும்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு, மூன்று சங்கங்கள், நான்கு மின்னஞ்சல் முகவரிகள். லிஃப்ற்றுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் ஒன்பது மாடியும் படியால் ஏறுவேன். மற்றவர்கள் பேசும்போது அவர்களுடைய வசனத்தையும் நானே முடித்துவைப்பேன். அவர் எனக்கு வைத்த பெயர் எக்ஸ்பிரஸ். "எக்ஸ்பிரஸ் வருது, வழி விடுங்கோ" என்று கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பார். அந்தக் கதவைத் திறப்பதற்கு அவர் எடுக்கும் நேரத்தில் நான் ஒருமுறை கீழே போய்த் தபாலும் எடுத்து வந்துவிடலாம்.

தபால் என்றதும் அந்தத் தகரம் ஞாபகம் வருகிறது. தபால்பெட்டியை அவர் தினமும் திறப்பார். கடிதங்களை மேலே கொண்டுவருவார். ஆனால் சனிக்கிழமை காலைத் தேத்தண்ணி குடித்து முடியும்வரை ஒன்றையும் உடைக்கமாட்டார். குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே ஒரு பிஸ்கட் தகரம் இருந்தது. வங்கி, வைத்தியசாலை, அரசாங்கம் எல்லாம் அதற்குள்தான் வரிசையில் நிற்கவேண்டும். அவர்களுடைய குடியுரிமைக் கடிதமே ஐந்து நாள் அதற்குள் கிடந்தது.

"ஒருக்கா உடைச்சுப் பாத்தால் என்ன? கை என்ன வெந்துபோகுமே?" என்று அன்ரி கத்தினாள்.

"நான் கனடாக்காரன் ஆக அஞ்சு நாள் பிந்தினால் கனடா என்ன மூழ்கிப்போகுமே?"

"பாத்தியோ பிள்ளை? என்ரை கலியாணத்துக்கே நாலு மணித்தியாலம் பிந்தி வந்த மனிசன். நல்லநேரம் முடிஞ்சு, பேந்து ஐயர் பாவம் இவருக்காகப் புதுசா ஒரு நல்லநேரம் கண்டுபிடிச்சவர்."

"அதாலைதானே இவ்வளவு காலமும் நல்லா இருக்கிறம்" என்றார் அவர், மூன்றாவது தரம் தேத்தண்ணியை ஆற்றியபடி.

சோம்பேறி என்று நினைக்கவேண்டாம். இருபத்திரண்டு வருடம் ரொட்டி சுடும் ஒரு பாண் ஆலையில் வேலை செய்தவர். ஓடுகிற பெல்ற்றில் சுடச்சுட வரும் பாணை எடுத்துத் தட்டில் அடுக்கவேண்டும். பெல்ற் ஓடுகிற வேகம்தான் மனிதனுடைய வேகம். ஓய்வு பெற்ற அன்று பக்கத்தில் வேலை செய்த போர்த்துக்கீசர் தன்னுடைய பழைய கூடாரத்தை இவருக்குப் பரிசாகக் கொடுத்தார். இவர் அதைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து அன்ரியிடம் சொன்னாராம்: "இருபத்திரண்டு வருசம் நான் பெல்ற்றுக்குப் பின்னாலை ஓடினது காணும். இனி அது வேணுமெண்டால் எனக்குப் பின்னாலை வரட்டும்."

அன்றிலிருந்து மே மாதம் பிறந்தால் இருவரும் கிளம்பிவிடுவார்கள். வானின் பின் ஆசனங்களைக் கழற்றி எறிந்தாயிற்று. மெத்தை, காஸ் அடுப்பு, ஐஸ்பெட்டி, புட்டு அவிக்க நீத்துப்பெட்டி, கடைசியாக அன்ரியின் மிளகாய்த்தூள் போத்தல். ஒன்ராறியோ மாகாணத்துப் பார்க் ஒன்றில் இரண்டு நாள், அடுத்ததில் மூன்று நாள் என்று நகர்வார்கள். கணினியில் இடம் பதிவது என் வேலை. அவருக்குக் கூடாரம் அடிக்கச் சரியாக மூன்று மணித்தியாலம் வேண்டும். முதலில் இடத்தைச் சுற்றி நடப்பார். விடிய வெயில் எந்தப் பக்கத்தால் வரும் என்று பார்ப்பார். பிறகு ஒரு ஆணியைக் கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

"இவர் ரென்ற் அடிச்சு முடிக்க மரமெல்லாம் இலை கொட்டீடும்" என்பாள் அன்ரி.

ஒருமுறை என்னையும் ஹூரன் ஏரிக்கரைக்குக் கூட்டிப் போனார்கள். நான் மத்தியானத்துக்கு முன்னரே பார்க்கின் மூன்று நடைபாதைகளையும் நடந்து, நீந்தி, படகும் ஓட்டிவிட்டுத் திரும்பினேன். அவர் கூடாரத்திலிருந்து ஐம்பதடி தள்ளி, காலையில் விட்ட அதே மரக்குற்றியில் இருந்தார்.

"என்ன அங்கிள், இன்னும் இதிலையே இருக்கிறியள்? அங்காலை எவ்வளவு கிடக்கு!"

"கிடக்கட்டும் பிள்ளை. நான் இஞ்சை பாத்து முடியேல்லை."

அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அன்ரிக்கு ஒரு தம்பி இருந்தான். அவனுக்கு இரண்டு வயதில் தாய் போக, அன்ரிதான் வளர்த்தாள். அவளுக்குக் கலியாணம் நடந்தபோது அவனுக்கு ஒன்பது வயது. அக்காவை விட்டு இருக்கமாட்டேன் என்று கூடவே வந்துவிட்டான். "எனக்குச் சீதனமா வந்தது ஒரு பெடியன்தான், காணி பூமி ஒண்டும் இல்லை" என்று அங்கிள் எல்லோருக்கும் சொல்லுவார். சின்னவன் என்று கூப்பிடுவார்கள். அவனைச் சைக்கிள் பாரில் வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோனதும் அவர்தான். தினமும் பிந்தித்தான் போவார்களாம். படலை பூட்டியிருக்குமாம். இரண்டு பேரும் வெளியே நின்று கச்சான் கடலை சாப்பிடுவார்களாம். இதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவேண்டும்.

அந்தச் சின்னவன் வன்னியில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தார். மனைவி, இரண்டு பெண்பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுவார். இரண்டாயிரத்து ஒன்பது பிறந்த பிறகு எப்போதாவது, யாருடையதோ செய்மதித் தொலைபேசியில், இரண்டு நிமிடம். மார்ச் மாதத்துக்குப் பிறகு அதுவும் இல்லை.

அன்ரி தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்தாள். எழும்பவில்லை. நான் வகுப்புகளை விட்டுவிட்டு நகரத் தெருக்களில் பதாகையுடன் நின்றேன். குரல் கட்டிப்போய், கால் வீங்கி, ஒருநாள் மாலை அவர்கள் வீட்டுக்குள் போனால், அவர் அடுப்படியில் நின்று மீன்குழம்பைக் கரண்டியில் எடுத்து ஊதி ஊதி ருசி பார்த்துக்கொண்டிருந்தார். மீன் இல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது. எனக்குத் தலை வெடித்தது.

"அங்கை சனம் சாகுது அங்கிள். நீங்கள் புளி காணுமோ எண்டு பாக்கிறியள்!"

அவர் கரண்டியை மெல்லக் கழுவி வைத்தார். "அவ ரெண்டு நாளாச் சாப்பிடேல்லை பிள்ளை. மீன் எண்டால் ஒரு பிடி சாப்பிடுவா" என்றார். அவ்வளவுதான். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டேன்.

சண்டை முடிந்துவிட்டது என்று தொலைக்காட்சி சொன்னதற்கு மூன்றாம் நாள். ஸ்காபரோவில் ஒரு மண்டபத்தில், தப்பி வெளியே வந்தவர்கள் தொலைபேசியில் சொல்லும் இறந்தவர்களின் பெயர்களை எழுதும் வேலையில் இருந்தேன். பெயர், தகப்பன் பெயர், ஊர். கை எழுதிக்கொண்டே போனது. ஒரு பெயருக்குப் பிறகு எழுதவில்லை. வாத்தியார், இன்ன ஊர், மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும் முகாமில் இருக்கிறார்கள். மனைவியே ஒருவரிடம் சொல்லி அனுப்பிய செய்தி. சந்தேகப்பட ஒரு சின்ன இடம்கூட இல்லை.

பக்கத்து மேசையில் அன்ரியின் ஒன்றுவிட்ட அண்ணன் இருந்தார், மார்க்கம் என்ற நகரில் வீடு. அவரும் அந்தத் தாளைப் பார்த்துவிட்டார். "அங்கிளிட்டைச் சொல்லு பிள்ளை, அவர்தான் தங்கச்சிக்குச் சொல்லோணும்" என்றார். நான் ஓடினேன். பஸ், ரயில், பஸ், ஒன்பது மாடி.

கதவைத் திறந்தது அவர். உள்ளே குளியலறையில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. கதவுநிலையிலேயே நின்று, மூச்சு வாங்கக்கூட நிற்காமல் சொல்லி முடித்தேன். எப்படிச் சொன்னேன் என்பதை இன்றைக்கும் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஒரு வரியில் சொன்னேன்.

அவர் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு, "அவவுக்கு நான் சொல்லுறன். ஆறுதலாச் சொல்லுறன். நீர் வாய் திறக்கப்படாது பிள்ளை" என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததை வேறு யாராவது சொன்னால் நம்பியிருக்கமாட்டேன். அந்த மனிதர் அவசரப்பட்டார். அரை மணித்தியாலத்துக்குள் கூடாரம், அடுப்பு, ஐஸ்பெட்டி எல்லாம் வானுக்குள் போய்விட்டன. தலை துவட்டிக்கொண்டு வந்த அன்ரியிடம், "முகாமுக்குள்ளை விட்ட சனத்துக்குப் போன் இல்லையாம். உந்த ரிவியைப் பாத்துக்கொண்டிருந்து என்ன? இடம் பதிஞ்சு கிடக்கு. ரெண்டு நாள் போயிட்டு வருவம்" என்றார்.

அன்ரி அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "சரி" என்று தொலைக்காட்சியை நிறுத்தினாள்.

இரண்டு நாள் பதினேழு நாளானது. ஒரு பார்க் ஆறு பார்க் ஆனது. ஒவ்வொரு பார்க் வாசலிலும் இருக்கும் பொதுத் தொலைபேசியிலிருந்து என்னைக் கூப்பிடுவார்.

"பிள்ளை, இன்னும் மூண்டு நாளைக்கு இடம் பதிஞ்சுவிடும்."

"சொல்லீட்டீங்களோ அங்கிள்?"

"இண்டைக்கு அவ சிரிச்சவ. அணில் ஒண்டு வந்து பருப்புப் பையை இழுத்துக்கொண்டு ஓடினது. சிரிச்ச நாளிலை எப்பிடிப் பிள்ளை சொல்லுறது?"

அடுத்த தரம்: "இண்டைக்கு ஒரே மழை. நனைஞ்ச ரென்ற்றுக்குள்ளை வைச்சு இதைச் சொல்லேலாது."

அதற்கடுத்த தரம்: "இண்டைக்குத் தலைக்குத் தோய்ஞ்சவ. ஈரத்தலை."

இங்கே நான் எல்லோருக்கும் பொய் சொல்லிக்கொண்டிருந்தேன். எதிர்க்கதவைத் தட்டிவிட்டு எங்கள் வீட்டுக்கு வருபவர்களிடம், அவர்கள் ஊரில் இல்லை என்றேன். பதினைந்தாம் நாள் மார்க்கத்து அண்ணன் கூப்பிட்டார். அவர் குரல் கோபமாக இல்லை, அதுதான் கஷ்டம்.

"பிள்ளை, உலகமெல்லாம் தெரிஞ்சு கூடப்பிறந்தவளுக்குத் தெரியாது. அங்கை அந்தப் பெம்பிளைப் பிள்ளையள் முகாமுக்குள்ளை. ஒரு கிரியை செய்ய வழியில்லை. இஞ்சையெண்டாலும் அவனுக்காக ஒருத்தர் வாய்விட்டு அழவேண்டாமே? ஞாயிறு விடிய ரேடியோவிலை மரண அறிவித்தல் குடுக்கப்போறன். அதுக்கு முதல் அவரைச் சொல்லச் சொல்லு."

சனிக்கிழமை காலை அப்பாவின் காரை வாங்கிக்கொண்டு அவர்கள் அப்போது இருந்த, பரி சவுண்ட் பக்கத்துப் பார்க்குக்குப் போனேன். மூன்று மணித்தியால ஓட்டத்தை இரண்டரையில் முடித்தேன்.

அன்ரி மட்டும் இருந்தாள். அடுப்பில் பருப்பு. அவர் தண்ணீர் எடுக்கக் குழாயடிக்குப் போயிருந்தார்.

"வா பிள்ளை. இரு." அவள் நான் ஏன் வந்தேன் என்று கேட்கவில்லை. பருப்பைக் கிண்டினாள். "பதினேழு நாளா அந்த மனிசன் மீன் மச்சம் தொடேல்லை."

நான் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இந்த ஏரி முழுக்க மீன். முதல் பார்க்கிலையே பக்கத்து வெள்ளைக்காரன் தான் பிடிச்சதிலை ரெண்டைக் கொண்டுவந்து தந்தவன், நல்ல கொழுத்த மீன். இவர் கொலஸ்ரரோல் எண்டு சொல்லித் திருப்பிக் குடுத்தார். எப்ப தொடக்கம் இவருக்குக் கொலஸ்ரரோல்? முகம் வழிக்கேல்லை. மத்தியானம் சோத்தைப் போட்டால் முதல் பிடியை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போறார், காகத்துக்கு வைக்க. காகம் எங்கை வருது? அணில் திண்டிட்டுப் போகுது."

வாயால் மறைத்ததை அவரால் சாப்பாட்டில் மறைக்க முடியவில்லை. செய்தி தெரியாததால் அவள் காக்க முடியாத துக்கத்தை, அவளுக்கும் சேர்த்து அவர் காத்துக்கொண்டிருந்தார். அவளுக்கு முன்னாலேயே.

"அண்டைக்கு நீ கதவிலை நிண்டு சொன்னது எனக்குக் கேக்கேல்லை. தண்ணி திறந்திருந்தது. அந்த மீனை அவர் திருப்பிக் குடுத்தாரே, அப்பதான் விளங்கினது."

"அப்ப ஏன் அன்ரி நீங்கள் கேக்கேல்லை?"

"கேட்டால் சொல்லிப்போடுவார்."

கரண்டியை வைத்துவிட்டு அவள் என் பக்கம் திரும்பினாள். "என்ரை ஆயுள் முழுக்கக் கெதியா, கெதியா எண்டு அந்த மனிசனைப் பேசிப்போட்டன். இந்தப் பதினேழு நாளும் ஒருக்காலும் பேசேல்லை. விடிய எழும்பினால் அவர் வாயைத்தான் பாப்பன். இண்டைக்கும் சொல்லாமல் விட்டால் காணும் எண்டு. அவர் சொல்லுமட்டும் அவன் இருக்கிறான் பிள்ளை. நீ படிச்சனி, உனக்கு இது விசராத் தெரியும்."

எனக்கு அது பைத்தியமாகத் தெரியவில்லை. ஆனாலும் என்னிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருந்தது. "நாளைக்கு விடிய ரேடியோவிலை..." என்று தொடங்கினேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். அடுப்பை அணைத்தாள்.

அவர் தண்ணீர்க் கானுடன் மரங்களுக்கிடையில் வந்தார். வெள்ளைத் தாடி. என்னைக் கண்டதும் நின்றார். பிறகு வந்து கானை நிலத்தில் வைத்து, மூடியைத் திருகி, மேசையோடு சேர்ந்த வாங்குப் பலகையில் அன்ரிக்கு எதிரே இருந்தார். கறுப்பு ஈக்கள் அவர் கழுத்தைக் கடித்தன. அவர் அடிக்கவில்லை.

"இஞ்சேரும்" என்றார்.

"ஓம்."

"சின்னவன்..."

"ஓம், சொல்லுங்கோ."

"சின்னவன் எங்களை..."

வாழ்க்கை முழுக்க மற்றவர்களின் வசனத்தை முடித்துவைத்த நான் கையை வாயில் வைத்துக்கொண்டு இருந்தேன். அன்ரி மேசைக்கு மேலால் அவர் கையைப் பிடித்தாள். "விட்டிட்டுப் போட்டான்" என்று அவளே சொன்னாள். பிறகு அவள் அழுதாள்.

அந்தக் காட்டில் அப்படி ஒரு சத்தம் அதற்கு முன் கேட்டிருக்காது. கரடி வந்துவிட்டதாக நினைத்து அடுத்த கூடாரத்து மனிதர் கோடரியுடன் ஓடி வந்தார். நான் ஆங்கிலத்தில் எதையோ சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றினார். திரும்பிப் போய், தன்னுடைய மடக்குக் கதிரைகள் நான்கையும் தூக்கிவந்து விரித்து வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போனார்.

அன்று திரும்ப முடியவில்லை. அங்கிள் வானை ஓட்டும் நிலையில் இல்லை. என் காரில் ஏறுங்கள் என்றேன். அன்ரி, "அந்த லிஃப்ற்றிலை இண்டைக்கு என்னாலை ஏறேலாது" என்றாள். பார்க் வாசலுக்குப் போய் மார்க்கத்து அண்ணனுக்குச் சொன்னேன். "சரி பிள்ளை, அப்ப நாங்கள் அங்கை வாறம்" என்றார்.

வந்தார்கள். ஞாயிறு மத்தியானம் பார்க் வாசலில் பதினொரு கார். வெள்ளைச் சேலைகள், வேட்டிகள், சாப்பாட்டுச் சட்டிகள், ஈக்கு விசுக்கும் கைகள். உள்ளே வரும் ஒவ்வொரு காருக்கும் ஒரு அனுமதித்துண்டு எடுக்கவேண்டும். அதற்காக நாங்கள் மூவரும் வாசலில் நின்றோம். கூண்டுக்குள் இருந்த பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். அந்த வரிசையைப் பார்த்து முகமெல்லாம் சிரித்தாள். குடும்ப ஒன்றுகூடலா என்று கேட்டாள்.

"யெஸ்" என்றார் அவர். "ஃபமிலி."

ஏரிக்கரையில் கூரை போட்ட இடம் ஒன்று இருக்கிறது, புதன்கிழமை வரை யாரும் பதியவில்லை, விரும்பினால் அதுவரை வைத்துக்கொள்ளலாம் என்று அந்தப் பெண் அன்பாகச் சொன்னாள். அவர் அன்ரியைப் பார்த்தார்.

வழக்கமாக ஆங்கிலம் பேசாத அன்ரி பேசினாள். "டுடே ஒன்லி. டுமாறோ வீ கோ ஹோம்."

முதல் காரின் கதவு திறந்தது. பெண்கள் இறங்கிக் கைகளை விரித்துக்கொண்டு ஓடி வந்தார்கள். அன்ரி அவர்களுக்குள் போய் மறைந்தாள். அவர் துண்டுகளை வாங்கிக்கொண்டு கார் வரிசையில் நடந்தார். ஒவ்வொரு யன்னலாகக் குனிந்து, வந்தவர்களுக்கு முகம் காட்டி, ஒரு துண்டைக் கொடுத்து, "கண்ணாடிக்கு முன்னாலை தெரியிற மாதிரி வையுங்கோ" என்று சொன்னார். யாரோ அவர் கையைப் பிடித்து அழுதார்கள். தட்டிக்கொடுத்துவிட்டு அடுத்த காருக்குப் போனார். பதினோராவது காருக்கும் கொடுத்தார். கையில் துண்டு ஏதும் மிஞ்சவில்லை என்று இரண்டு தரம் பார்த்தார். பிறகு தெருவோரக் கல்லில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழத் தொடங்கினார்.